டைல்ஸ் கடையில் இடமிருந்தது

மின்னலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். வகுப்பெடுக்க வந்தவர் ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசவே மாட்டார். இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி, மூச்சு நின்றவருக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினார். ஒவ்வொருத்தியாக அழுத்தச் சொன்னார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்குப் பொம்மைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

கடைசி அரை மணி நேரம் இடி மின்னலைப் பற்றிச் சொன்னார். மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள், முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், அது இல்லையென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்காருங்கள் என்றார். மரத்தடி ஆகாது. தகரக் கொட்டகை ஆகாது. வெட்டவெளி ஆகவே ஆகாது. "கையில போன் இருந்தா இடி விழும்னு சொல்வாங்க. போன் மேல பழி போடாதீங்க. நீங்க வெளிய நிக்கறதுதான் ஆபத்து" என்றார். மின்னல் தாக்கியவர் உடம்பில் கரண்ட் தங்காது, தயங்காமல் தொடலாம் என்றும் சொன்னார். அதை எங்களில் ஒருத்தியும் நம்பவில்லை.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருடைய நண்பர் பேத்திக்குக் காதுகுத்து. இரண்டு பேரும் ஒன்றாக மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் மூடிய பிறகு இவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உழவர்கரையிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்ப ஸ்கூட்டரில் கிளம்பினோம். மணி மூன்றரை இருக்கும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கடலூர் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், கல்லெறிவது போல மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஒரு பெரிய புளியமரம். அதன் கீழே நாலு பேர் நின்றிருந்தார்கள். இவர் வண்டியை அங்கே ஒதுக்கினார்.

நடு வயதுத் தம்பதி ஒன்று. சாப்பாடு டெலிவரி செய்கிற ஓர் இளைஞர், முதுகில் பெரிய பை. நாலாவது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தலைக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நனைவதைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"யக்கா, இப்டி வாங்க. இங்க அவ்ளோவா சொட்டல." ஷீட்டில் பாதியை என் தலைமேல் போட்டாள்.

"பஸ்ஸுக்கு நிக்கிறியாம்மா?"

"ஆமாக்கா. டவுன்ல ஒரு வீட்ல பெரியவர பாத்துக்கறேன். பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. பிரெஞ்சு கவர்மெண்டு பென்ஷன்காரரு, புள்ளைங்க எல்லாம் பாரிஸ்ல. நான் ஊட்டுனாதான் சாப்புடுவாரு. அவரு வீட்டம்மா, மதாம், ஊட்டுனா மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த மதாமுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்றாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் மின்னல் வெட்டியது. என்னை அறியாமல் எண்ணினேன். பதினெட்டில் இடி. அடுத்தது பதினொன்று. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டைல்ஸ் கடை, மாடி வைத்த கான்கிரீட் கட்டடம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கடை திறந்திருந்தது.

என் வீட்டுக்காரர் காதோரம் போய் மெதுவாகச் சொன்னேன். "என்னங்க, இங்க நிக்கக் கூடாது. அந்தக் கடைக்குள்ள போயிடலாம்."

"இரு, இப்ப விட்டுடும்."

"மரத்தடியில நிக்கவே கூடாதுன்னு பொம்மைக்காரரு சொன்னாரு."

"ஒங்க கம்பெனி கிளாஸ இங்க வந்து எடுக்காத" என்றார். மழைச் சத்தத்தில் அவர் குரல் உயர்ந்துவிட்டது. அந்தத் தம்பதி திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு முகம் சுருங்கிப்போனது.

மூன்றாவது மின்னலுக்கு ஆறுதான் எண்ணினேன். அதற்கு மேல் பேசவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஷீட்டை விட்டு நான் விலகியதும் அந்தப் பெண் கேட்டாள்.

"இன்னாக்கா, இந்த மழையிலயா போறீங்க?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. இங்க நிக்காதீங்க, எல்லாரும் வாங்க. அவ்வளவுதான். வாயில் அது வரவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்கள், இவர் மறுபடியும் எல்லார் முன்னாலும் ஏதாவது சொல்வார் என்று தோன்றியது. "அவருக்கு டைல்ஸ் பாக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

கடைக்காரர் கதவைத் திறந்துவிட்டார். "உள்ள வாங்க, உள்ள வாங்க. செருப்ப மட்டும் ஓரமா விட்டுடுங்க, ஈரத்துல வழுக்கும்" என்றார். உள்ளே பெரிய ஹால். சுவரெல்லாம் மாதிரி டைல்ஸ். நடுவில் ஒன்றுமே இல்லை. ஆறு பேர் என்ன, ஒரு கல்யாணக் கூட்டமே நிற்கலாம். அந்த இடத்தைப் பார்த்த கணமே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது.

கண்ணாடி வழியே மரம் தெரிந்தது. அந்தப் பெண் இப்போது பின்னால் போய் அடிமரத்தில் சாய்ந்து நின்றிருந்தாள். கையைக் காட்டிக் கூப்பிடலாம் என்று கதவருகே போனேன். அடுத்த மின்னல் போகட்டும், பிறகு கதவைத் திறந்து கத்துவோம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கை கதவின் கைப்பிடியில் இருந்தது.

எண்ணுவதற்கு எதுவும் இருக்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கண்ணாடி முழுக்க அதிர்ந்தது. நான் பின்னால் தள்ளாடி இவர் மேல் விழுந்தேன். கண் தெளிந்தபோது மரத்தின் பட்டை மேலிருந்து கீழ்வரை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஒருவரும் நிற்கவில்லை.

நான் கதவைத் தள்ளினேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பைத்தியமா ஒனக்கு? இப்பதான் விழுந்துது!"

"விடுங்க."

விடவில்லை. கையைக் கடித்தேன் என்று பிறகு இவர் சொன்னார். எனக்கு அது நினைவில் இல்லை. நான் ஓட, பின்னாலேயே இவரும் கடைக்காரரும் ஓடி வந்தார்கள்.

தம்பதி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த நிலையில் இருந்தார்கள், காதைப் பொத்திக்கொண்டு. டெலிவரி இளைஞர் மல்லாந்து கிடந்து, "என் காலு இல்ல, என் காலு இல்ல" என்று அலறினார். கால் இரண்டும் இருந்தன. அவரால் அசைக்க முடியவில்லை. அந்தப் பெண் வேர்களுக்கு நடுவே சரிந்து கிடந்தாள். சத்தமே இல்லை. அலறுகிறவருக்கு மூச்சிருக்கிறது, சத்தம் போடாதவரிடம் முதலில் போங்கள் என்று வகுப்பில் சொன்னது அந்த நேரத்தில் எப்படித்தான் நினைவுக்கு வந்ததோ.

"தொடாதீங்க! ஒடம்புல கரண்ட் இருக்கும்!" என்று அந்தத் தம்பதியில் கணவர் கத்தினார்.

தொடுவதற்கு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தொட்டேன். ஈரமான தோள், வேறொன்றும் இல்லை. மூச்சு இல்லை. மேலே வானம் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. "கடைக்குள்ள தூக்குங்க" என்றேன். கடைக்காரர் திரும்ப ஓடி, டைல்ஸ் பெட்டி ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். அவளை அதில் போட்டு ரோட்டைத் தாண்டினோம். இளைஞரை அந்தத் தம்பதியும் கடைக்காரருமாகப் பிறகு தூக்கி வந்தார்கள். கடைக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

அந்த வழுக்குகிற தரையில் அவளைக் கிடத்தி நெஞ்சை அழுத்தினேன். பொம்மையை அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் வரும், சரியாகச் செய்கிறோம் என்று தெரியும். இங்கே சத்தம் வரவில்லை. சத்தமாக எண்ணினேன். முப்பது ஆனதும் மூக்கைப் பிடித்து வாயில் வாய் வைத்து இரண்டு முறை ஊதினேன். அந்த அம்மாள் "ஐயோ" என்றாள் பின்னால். மறுபடியும் முப்பது. எங்கேயோ ஓர் எலும்பு சடக்கென்றது. கை ஓய்ந்தபோது இவர் என்னை நகர்த்திவிட்டு அழுத்தத் தொடங்கினார். என் கிளாஸைக் கிண்டல் செய்த மனிதர், "சொல்லு, எங்க கைய வைக்கணும், சொல்லு" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவள் மாதிரி ஒரு மூச்சை இழுத்தாள். அப்புறம் இன்னொன்று. ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் சங்கிலி கிடந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. தோளில் இலை நரம்பு மாதிரி கிளை கிளையாகத் தடம்.

இளைஞருக்கு ராத்திரிக்குள் காலில் அசைவு திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டோம். அவள் பெரியாஸ்பத்திரியில் பல நாள் இருந்தாள். இரண்டாம் நாள் பார்க்கப் போனபோது, துணிக்கடையில் வேலை பார்க்கும் அவள் மகள் வராந்தாவிலேயே என் காலில் விழுந்தாள். "பெரிம்மா, நீங்க இல்லன்னா எங்கம்மா இல்ல" என்றாள். நான் அவளைத் தூக்கிவிட்டேன்.

இவர் அந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். வேனில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், தெருக்காரர்கள், டீக்கடை. "எங்க வீட்டம்மா மட்டும் இழுத்துக்கினு போவலன்னா நாங்களும் அங்கதான் கெடந்திருப்போம்" என்பார். கம்பெனியில் எனக்குச் சால்வை போட்டார்கள். பொம்மைக்காரரை வரவழைத்து என் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என்னால் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

என் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், சாப்பாட்டு வேளையில் சாதாரணமாகக் கேட்டாள்.

"மொதல்ல நீங்களும் அந்த மரத்தடியிலதான் நின்னீங்களாம். கெளம்பறப்ப அவங்கள கூப்புடலயாக்கா?"

அத்தனை பேர் கதை கேட்டார்கள். அதை மட்டும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

"கூப்ட்டேன்" என்றேன். "மழ சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல."

அவள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாள். பொய் அவ்வளவு தயாராக வாயில் இருந்தது. மரத்தடியில் உண்மை வராத அதே வாயில்.

வீட்டில் இவரிடம் சொல்லி அழுதேன். "போற உசுர புடிச்சிக் கொண்டாந்துட்டு எதுக்கு அழுவுற?" என்றார். "நான்தான சத்தம் போட்டு ஒன் வாய அடைச்சேன். தப்பு என் மேலதான்." அவர் ஆறுதலுக்குச் சொன்னார். அதில் உண்மையும் கொஞ்சம் இருந்தது. இருந்தும், மரத்தடியில் அந்தப் பெண் என்னிடம்தான் கேட்டாள். பதில் சொன்னது நான்தான்.

பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை தனியாகப் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். தவளக்குப்பம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அவள் தரையில் உட்கார்ந்து இடது கையால் பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்கக்கா. அந்தக் காது கேக்கறதில்ல."

நகர்ந்து உட்கார்ந்தேன். மகள் அடுப்பில் டீ வைத்தாள். பீன்ஸ் உடைத்தபடியே அவள், தன் வேலை போய்விட்டது என்றாள். "மதாம் போன் பண்ணாங்க. வேற ஆள வச்சிருக்காங்களாம். பெரியவரு அந்தப் பொண்ணு கையால சாப்புட மாட்டேங்கறாராம். நான் போயி இன்னா பண்றது? ஸ்பூன புடிச்சா பாதி கீழ கொட்டுது."

"அன்னைக்கி நடந்தது எதுனா ஞாபகம் இருக்கா?"

"மத்தியானம் வீட்ட பூட்டுனது தெரியும். அப்புறம் ஆஸ்பத்திரிதான். நடுவுல ஒண்ணுமில்ல. மரத்தடியில நின்னேன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியல."

சொல்லாமலே வந்துவிடலாம். அவளுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஷீட்டில் இடம் கொடுத்தது, நான் எண்ணியது, அவள் கேட்டது, நான் சொன்னது.

அவள் பீன்ஸ் உடைப்பதை நிறுத்தினாள். மகள் டீத் தம்ளரோடு வாசற்படியில் அப்படியே நின்றாள்.

"டைல்ஸ் பாக்கணும்னா சொன்னீங்க?"

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்ட்டிருந்தா வந்திருப்பனான்னு தெரியல. மழையில நனைஞ்சிக்கினு அங்க எதுக்குக்கா போவணும்னு கேட்டிருப்பேன்" என்றாள். பிறகு சொன்னாள். "ஆனா கூப்ட்டிருக்கலாம்க்கா."

நான் ஆமாம் என்றேன். மகள் டீயை என் பக்கத்தில் வைத்தாள். பெரிம்மா என்று சொல்லவில்லை. டீ ஆறி ஆடை கட்டும்வரை நான் அதை எடுக்கவில்லை, பிறகு ஒரே மூச்சில் குடித்தேன். கிளம்பும்போது பீன்ஸிலிருந்து நிமிர்ந்து "பாத்துப் போங்க" என்றாள் அவள். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை அவள் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும். மகளுக்கு லீவு கிடைப்பதில்லை என்று தெரிந்து, நான் கூட வரட்டுமா என்று போனில் கேட்டேன். "வாங்க" என்றாள். இப்போதும் போகிறோம். பஸ்ஸில் அவளுடைய நல்ல காதுப் பக்கம் உட்காருகிறேன். மகள் கல்யாணப் பேச்சு, விலைவாசி, மதாம் பிரான்சுக்கே போய்விடப் போகிறாராம் என்பதெல்லாம் பேசுகிறோம். அந்த நாளைப் பற்றி அவள் மறுபடி பேசியதில்லை. கோபம் இருக்கிறதா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கை கொஞ்சம் தேறியிருக்கிறது. பொத்தான் போட முடிகிறது. அந்தக் காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள்.

போன வைகாசியில் ஒருநாள் சாயங்காலம் இவரோடு கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். கடலுக்கு மேலே மின்ன ஆரம்பித்தது. எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நான் எண்ணினேன். பன்னிரண்டு.

"எல்லாரும் எழுந்து எதிர்ல கட்டடத்துக்குள்ள போங்க! இங்க நிக்காதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"மின்னல் கடல்லதான ஆன்ட்டி அடிக்குது?" என்றான் ஒருவன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கரையோரப் பாறைகள் பக்கமாக நடந்து நடந்து ஒவ்வொரு கூட்டமாகச் சொன்னேன். இவரும் கூட வந்தார். முன்பெல்லாம் கூச்சப்படுகிற மனிதர், என்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டார். இரண்டு குடும்பங்கள் எங்களோடு வந்தன. மீதிப் பேர் அங்கேயே இருந்தார்கள். ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஒதுங்கி நின்று, நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. மழைகூடச் சரியாகப் பெய்யவில்லை. எங்களோடு வந்த ஓர் அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது தன் கணவரிடம் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

"ஒக்காந்திருந்தவங்கள சும்மா கெளப்பி வுட்டுட்டாங்க."

இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.